காய்ச்சல் சீசன்ல வீட்ல யார் எங்க படுக்குறது? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

மழை ஆரம்பிச்சதும் லெட்டர் வர்றதும் கூடிருச்சு. இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி காய்ச்சல், இருமல், அம்மை, கண் சிவப்பு, இதுதான், அதனால சுகர், தைராய்டு, முடி கொட்டுறது எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. நம்ம ஊர்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஃப்ளூ ஏறுறது வருஷா வருஷம் நடக்குறதுதான், புதுசா ஏதோ வந்துருச்சுன்னு பயப்பட வேண்டாம், அதுக்காக சும்மா சளிதானேன்னும் விட வேண்டாம்.

டாக்டர் மேடம், எங்களுது ஒரே பெட்ரூம், ஒரே பாத்ரூம் வீடு. நாலாவது படிக்கிற பையன் ஸ்கூல்ல இருந்து காய்ச்சலோட வந்தான், ரெண்டே நாள்ல எனக்கும் உடம்பு வலி, தொண்டை கரகரங்குது. வீட்ல மாமியார் இருக்காங்க, 74 வயசு, சுகரும் இருக்கு வீஸிங்கும் இருக்கு. தனிமைப்படுத்திக்கோங்கன்னு டிவில ஈசியா சொல்லிடறாங்க, இந்த வீட்ல எங்க போய் தனியா இருக்குறது? – வாசகி, சேலம்

நியாயமான கோபம்மா. தனி ரூம், தனி பாத்ரூம்னு சொல்றவங்க எல்லாம் யார் வீட்ட மனசுல வெச்சு சொல்றாங்கன்னு எனக்கும் தெரியல. உங்க வீட்ல நோயாளிய எங்க வெக்கிறதுன்னு யோசிக்காதீங்க, மாமியார் மேல காத்து எங்க இருந்து வருதுன்னு யோசிங்க, அப்போ வழி தெரியும். உங்களுக்கும் பையனுக்கும் ஒரே காய்ச்சல்தான் வந்திருக்கும், அதனால நீங்க ரெண்டு பேரும் ஒன்னா இருக்குறதுல நஷ்டம் இல்ல, பெட்ரூம நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கோங்க, கதவ சாத்திட்டு ஜன்னல தொறந்து வைங்க, டேபிள் ஃபேன் இருந்தா ஜன்னல் பக்கமா, வெளிய பாத்து ஓடுற மாதிரி திருப்பி வைங்க. மாமியார் ஹால்ல, வாசக்கதவுக்கு பக்கத்துல. ரூம்ல ஒரு ஊதுபத்தி ஏத்தி வெச்சா புகை எங்கெல்லாம் போகுதோ இருமல்ல வர்ற கிருமியும் அங்கெல்லாம் போகும், ஜன்னல் தொறந்தா ரெண்டும் வெளிய போகும், மூடி வெச்சு ஏசி போட்டா ரெண்டும் உள்ளயே சுத்தும், வீட்ல இருக்குற ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்த கொண்டு வர்றது இல்ல, அதே காத்ததான் கூலாக்கி திருப்பி விடுது.

அடுத்தது சமையல். இன்னும் காய்ச்சல் வராத ஆள் உங்க வீட்டுக்காரர்தான்னு நினைக்கிறேன், அவர பத்தி நீங்க ஒரு வரி கூட எழுதல. ஒரு வாரத்துக்கு அடுப்படியும் மாமியாரோட மாத்திரை, சாப்பாடு, இன்சுலின் எல்லாமும் அவர் பாக்கட்டும், ரசம் சாதம் போதும், யாரும் கொறஞ்சு போயிட மாட்டாங்க. காய்ச்சலோட எழுந்து போய் மாமியாருக்கு தோசை சுட்டு போடுற மருமகள்தான் நல்ல மருமகள்னு ஒரு நினைப்பு நம்ம ஊர்ல இருக்கு, இந்த ஒரு வாரம் அந்த தோசைதான் அவங்களுக்கு டேஞ்சர்.

பாத்ரூம் ஒன்னுதான்னா காலைல மொத ஆளா மாமியார் போகட்டும், நீங்க கடைசி, போயிட்டு வந்ததும் அந்த சின்ன ஜன்னல தொறந்து விட்டு, எக்ஸாஸ்ட் இருந்தா கொஞ்ச நேரம் ஓட விடுங்க. துண்டு தனி, டம்ளர் தனி. பாத்திரத்த தனியா ஒதுக்கி வெக்க வேண்டிய அவசியம் இல்ல, சோப்பு போட்டு கழுவினா போதும். ரூம விட்டு வெளிய வந்தா நீங்க மாஸ்க், பையனும் மாஸ்க். வீஸிங் இருக்குறவங்க மூக்க நாள் முழுக்க மூடுறது கஷ்டம், கிருமி உங்ககிட்ட இருக்கும்போது மாஸ்க்கும் மொதல்ல உங்களுக்குத்தான்.

எத்தன நாளுன்னு கேப்பீங்க. ஃப்ளூவா இருந்தா காய்ச்சல் தெரியுறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும், அப்புறம் அஞ்சுல இருந்து ஏழு நாள் வரைக்கும் பரவும், குழந்தைங்ககிட்ட இன்னும் கொஞ்ச நாள் கூட இருக்கலாம். அப்போ பையன் நல்லா ஓடி ஆடிட்டு பாட்டி மடியில படுத்திருந்த அன்னிக்கே பரவியிருக்கலாம், அதுக்காக அவன திட்டாதீங்க, அவனுக்கு எப்படி தெரியும். ஆனா அதனாலதான் மாமியார்க்கு காய்ச்சல் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்கன்னு சொல்றேன். இன்னிக்கே அவங்க டாக்டருக்கு ஃபோன் பண்ணி வீட்ல ரெண்டு பேருக்கு காய்ச்சல்னு சொல்லி வைங்க, ஓசெல்டாமிவிர்னு ஒரு மாத்திரை இருக்கு, அறிகுறி ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லா வேலை செய்யும், வயசானவங்க, சுகர், ஆஸ்துமா, கர்ப்பிணிகள், இவங்களுக்கு அத டாக்டர் யோசிச்சு குடுப்பாங்க, மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்காதீங்க. இன்ஹேலர எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க.

இன்னொன்னு, வயசானவங்களுக்கு நம்மள மாதிரி 102, 103னு கொதிக்கணும்னு இல்ல. சாப்பாடு வேண்டாம்பாங்க, சும்மா படுத்தே இருப்பாங்க, பேச்சு குழறும், பேரன் பேர மாத்தி கூப்பிடுவாங்க, அதுவே காய்ச்சலோட அடையாளமா இருக்கலாம். விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் 2021-ல வாங்கினது பீரோல கிடக்கும்ல, பேட்டரி மாத்தி எடுத்து வைங்க, அதுல காட்டுற ஆக்ஸிஜன் அளவு 94-க்கு கீழ போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி, 108 கூப்பிடுங்க. பையன் விஷயத்துல மூச்சு வேகமா விடுறானா, விலா உள்ள இழுக்குதா, ஒன்னுக்கு போறது கொறஞ்சிருக்கா, இத பாருங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எடைக்கு ஏத்த அளவுல குடுங்க, ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்கு கூடவே கூடாது. மாத்திரை இல்லாம முழுசா 24 மணி நேரம் காய்ச்சல் வராம இருந்தா ஸ்கூலுக்கு அனுப்பலாம், பாட்டி மடிக்கு இன்னும் ரெண்டு மூணு நாள் சேத்து லீவு. இதெல்லாம் அடங்கினதும் மாமியாருக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுங்க, வருஷா வருஷம் போடணும், போட்ட ரெண்டு வாரம் கழிச்சுதான் பாதுகாப்பு வரும், அதனால அடுத்த வருஷம் மழைக்கு முன்னாடியே போட்டுடுங்க.

காலேஜ் பஸ்ல நான் மட்டும் மாஸ்க் போட்டா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறானுங்க. ஒருத்தன் மட்டும் போட்டா யூஸ் இருக்கா மேம்? அம்மா தச்ச துணி மாஸ்க் போதுமா? – மாணவர், மதுரை

இருக்கு தம்பி. என்95 மாதிரி மாஸ்க் போட்டா நீங்க ஒருத்தர் போட்டாலும் உங்களுக்கு லாபம்தான், ரொம்ப சின்ன துகள்கள்ல கூட 95 சதவீதமாவது வடிகட்டும்னுதான் அந்த பேரே. ஆனா கன்னத்துல இடைவெளி இருந்தா காத்து அந்த வழியா போயிடும், தாடி வெச்சிருந்தா சொல்லவே வேணாம், மூச்ச இழுக்கும்போது மாஸ்க் லேசா உள்ள ஒட்டணும், கண்ணாடி போட்டிருந்தா பனி பிடிக்க கூடாது, இதுதான் டெஸ்ட். முன்னாடி பிளாஸ்டிக் வால்வு வெச்சது வேணாம், அது நீங்க விடுற மூச்ச வடிகட்டாம வெளிய விடும், உங்களுக்கு நோய் இருந்தா பக்கத்து சீட்டுக்காரனுக்கு பாதுகாப்பு கிடையாது. என்95-ஐ சோப்பு போட்டு துவைக்காதீங்க, கெட்டுடும், ரெண்டு மூணு வாங்கி ஒன்ன போட்டுட்டு மத்தத பேப்பர் கவர்ல காய விட்டு மாத்தி மாத்தி போடுங்க, கசங்கி தளந்து போனா தூக்கி போடுங்க. அம்மா தச்சது உங்களுக்கே இருமல் இருக்குற அன்னிக்கு ஒன்னும் இல்லாததுக்கு பரவாயில்ல, மத்தபடி அது அம்மாவோட அன்பு, அவ்வளவுதான்.

பஸ்ல ஜன்னல் சீட் பிடிச்சு ஜன்னல தொறந்து வைங்க, மழைன்னு மூடி வெச்ச பஸ்லதான் மாஸ்க் ரொம்ப தேவை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் பொண்ணு கல்யாணம். என் தம்பிக்கு, அதாவது தாய்மாமனுக்கு, மூணு நாளா காய்ச்சல் இருமல். மாமன் இல்லாம எங்க வழக்கத்துல ஒன்னும் நடக்காது. டோலோ போட்டு காய்ச்சல் இல்லாம கூட்டிட்டு வந்துடலாமா? வராதேன்னு சொன்னா ஜென்மத்துக்கும் பேச மாட்டான். – வாசகி, திண்டுக்கல்

டோலோ காய்ச்சல மறைக்கும், பரவுறத மறைக்காது. தெர்மாமீட்டர்ல 98 காட்டும், இருமினா அதே கிருமிதான் வரும். மாத்திரை போட்டுட்டு சபையில உக்காந்தா நல்லா இருக்கோம்னு நினைச்சு எல்லாரையும் கட்டிப்பிடிச்சு விசாரிப்பாரு, அதுதான் பிரச்சனையே.

ஆனா நாள் கணக்கு போட்டு பாருங்க, நீங்க நினைக்கிற அளவுக்கு மோசம் இல்ல. உங்க லெட்டர் கிழமைய வெச்சு பாத்தா முகூர்த்தத்தப்போ அவருக்கு எட்டு ஒம்பது நாள் ஆயிருக்கும், மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் ஆயிருந்துச்சுன்னா தாராளமா வரலாம். கோவிட்டா இல்லையான்னு மட்டும் ஒரு டெஸ்ட் பாத்துக்கட்டும். பந்தக்கால், நலங்கு, இந்த ரெண்டுக்கும் வர வேணாம், அதுதான் வீட்டுக்குள்ள நெருக்கமா உக்கார்ற விசேஷம், வீடியோ கால்ல பாக்கட்டும். முகூர்த்தத்துக்கு நல்ல மாஸ்க் போட்டுட்டு வந்து மாமன் முறைய செஞ்சுட்டு, ஃபோட்டோவுக்கு ஒரு நிமிஷம் கழட்டிட்டு, பந்தியில உக்காராம பார்சல் வாங்கிட்டு போகட்டும். அன்னிக்கும் காய்ச்சல் அடிக்குதுன்னா அவர் பையன் மாமன் ஸ்தானத்துல நிக்கட்டும், அப்பாகூட ஒரே வீட்ல இருக்குறதால அவருக்கும் ஒன்னும் இல்லன்னு பாத்துட்டு.

சொல்ற விதம் இருக்கு. "நீ வராதே"ன்னு ஆரம்பிக்காதீங்க. "நம்ம அம்மாவும் முன் வரிசைலதான் உக்காருவாங்க, அவங்களுக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது"ன்னு ஆரம்பிங்க, அம்மா பேர சொன்னா தம்பிமார் எறங்கி வருவாங்க. மண்டபத்துக்காரர்கிட்டயும் சொல்லி சாப்பாட்டு ஹால் ஜன்னல் எல்லாம் தொறக்க சொல்லுங்க, மாஸ்க் இல்லாம எல்லாரும் வாய் தொறந்து பேசுற இடம் அதுதான்.

ஆவி புடிச்சா வைரஸ் செத்துடுமா? கபசுர குடிநீர் குடிக்கிறோம், பக்கத்து கிளினிக்ல ஊசியும் போட்டாச்சு, ஆன்டிபயாட்டிக் மூணு நாள், இன்னும் இருமல் நிக்கல. – வாசகர், விழுப்புரம்

சாகாது. ஆவி மூக்கடைப்புக்கு கொஞ்சம் சுகமா இருக்கும், அவ்வளவுதான், குழந்தைங்க பக்கத்துல கொதிக்கிற பாத்திரத்த வெச்சு போர்வை மூடாதீங்க, கவிழ்ந்து வெந்துபோன குழந்தைங்கள நிறைய பாத்திருக்கேன். கஷாயம் குடிக்கிறது உங்க இஷ்டம், குடிச்சதால பரவாதுன்னு நினைச்சு ஊர் சுத்தாதீங்க. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு, வைரஸ அது தொடக்கூட தொடாது. "ஒரு ஊசி போட்டு விடுங்க"ன்னு நீங்க கேக்குறதாலதான் போடுறாங்க. இருமல் மட்டும் ரெண்டு வாரம் இழுக்குறது சகஜம், அதுக்கு மேல போனா, சளில ரத்தம் வந்தா, எடை கொறைஞ்சா காசநோய் டெஸ்ட் எடுத்துடுங்க, அரசு ஆஸ்பத்திரில இலவசம்.

எங்க வீட்ல கொழுந்தனுக்கு அம்மை போட்டிருக்கு, 26 வயசு. டாக்டர்கிட்ட போகக்கூடாதுன்னு அத்தை சொல்றாங்க, அம்மா கோவிச்சுக்குவாளாம். வேப்பிலை கட்டியிருக்கோம். நான் மூணு மாச கர்ப்பம், எனக்கு சின்ன வயசுல வந்துச்சா இல்லையான்னு தெரியல. பயமா இருக்கு மேடம். – வாசகி, தஞ்சாவூர் பக்கம்

இத படிக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு தனியா பதில் போட்டுட்டேன், இருந்தாலும் மத்தவங்களுக்காக எழுதுறேன். மொதல்ல உங்க அம்மாவுக்கு ஃபோன் போட்டு உங்களுக்கு சின்னம்மை வந்துச்சான்னு கேளுங்க. வந்திருந்தா பெரும்பாலும் கவலை இல்ல. வரலேன்னாலோ தெரியலேன்னாலோ அன்னிக்கே உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட போங்க, ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாப்பாங்க, இல்லேன்னா இம்யூனோகுளோபுலின்னு, எதிர்ப்பு சக்திய ரெடிமேடா உடம்புக்குள்ள ஏத்துற ஊசி போடலாமான்னு முடிவு பண்ணுவாங்க, அது தொற்று பட்ட பத்து நாளுக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போகும்போது மொதல்ல ஃபோன்ல சொல்லிட்டு போங்க, அங்க வெயிட்டிங் ஹால் பூரா கர்ப்பிணிகள்தான் இருப்பாங்க. அம்மை தடுப்பூசிய கர்ப்பமா இருக்கும்போது போட முடியாது. கொழுந்தனுக்கு கடைசி கொப்புளம் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் நீங்க வேற வீட்ல இருக்குறது நல்லது, ஆனா அந்த வீட்லயும் வேற கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்க கூடாது, ஏன்னா உங்களுக்கு ஏற்கனவே தொத்தியிருந்தா அது வெளிய தெரிய 10-ல இருந்து 21 நாள் ஆகும்.

உங்க அத்தைய நான் எதிர்க்க போறது இல்ல. நம்ம பாட்டிமார் வாசல்ல வேப்பிலை சொருகினா வெளியாள் யாரும் படியேற மாட்டாங்க, வீட்டாளும் வெளிய விசேஷத்துக்கு போக மாட்டாங்க, சண்டை சச்சரவு இல்லாம ஒரு வீட்ட அப்படி ஒதுக்கி வெக்க எந்த சுகாதாரத்துறையாலயும் முடியாது. அத அப்படியே வைங்க. இளநி, கூழ், மோர் எல்லாம் நல்லதுதான். பிரச்சனை எங்க வருதுன்னா தலைக்கு தண்ணி ஊத்துற நாள்ல. மூணாவது தண்ணி ஊத்தியாச்சு, அம்மா எறங்கிட்டான்னு சொல்லி கோயிலுக்கு, கடைக்கு, வேலைக்கு கெளம்பிடுவாங்க, ஆனா முதுகுல ரெண்டு கொப்புளத்துல இன்னும் நீர் இருக்கும், அது இருக்குற வரைக்கும் பரவும். அதனால அத்தைகிட்ட தண்ணி ஊத்துற நாள தள்ளி வெக்க சொல்லுங்க, கொப்புளம் எல்லாம் காய்ஞ்சதும் ஊத்தலாம்னு சொன்னா அவங்களே ஒத்துக்குவாங்க. உடம்ப சுத்தமா வெச்சுக்க தினமும் சாதா தண்ணில குளிக்கிறது தப்பே இல்ல, ஆனா அந்த சண்டைய இப்ப போடாதீங்க, ஈரத்துணியால தொடச்சாலே போதும்.

டாக்டர் விஷயத்துல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. குழந்தைக்கு வர்ற அம்மை வேற, 26 வயசுல வர்றது வேற, பெரியவங்களுக்கு நெஞ்சுல நிமோனியா வரைக்கும் போகலாம். கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர்னு அம்மை வைரஸுக்கான மருந்த டாக்டர் ஆரம்பிச்சா நோயோட வேகம் கொறையும். "நாங்கெல்லாம் அம்மை குத்திக்கிட்டவங்க, எங்களுக்கு வராது"ன்னு பெரியவங்க கையில தழும்ப காட்டுவாங்க, அது பெரியம்மைக்கு குத்தினது, அந்த நோய் உலகத்த விட்டே போயாச்சுன்னு 1980-ல அறிவிச்சுட்டாங்க, அந்த தழும்பு சின்னம்மைய தடுக்காது. சின்னம்மைக்கு தடுப்பூசி தனியா இருக்கு, அரசு அட்டவணைல இல்லாததால தனியார்லதான் போடணும்.

நான் டீச்சர். க்ளாஸ்ல ஏழு பேருக்கு மெட்ராஸ் ஐ. அவங்கள பாக்காம போர்டையே பாத்துட்டு பாடம் நடத்துறேன். – வாசகி, காஞ்சிபுரம்

பாருங்க டீச்சர், நல்லா பாருங்க, பாத்தா ஒட்டாது. கைல இருந்து கண்ணுக்கு போறது அது. நோட்டு, பேனா, கைப்பிடி, ஒரே கர்சீஃப், இதுதான் வழி. பெரும்பாலும் அடினோவைரஸ்தான், சானிடைசருக்கு அது சரியா மசியாது, சோப்பு போட்டு தண்ணில கழுவுங்க. நோட்டு திருத்தி முடிச்சதும் கை கழுவாம கண்ண தொடாதீங்க. கருப்பு கண்ணாடி கூச்சத்துக்குத்தான், பரவுறத தடுக்காது. அந்த ஏழு பேரையும் கண்ணுல நீர் வடியறது நிக்கிற வரைக்கும் வீட்ல இருக்க சொல்லுங்க. வேற யாருக்கோ எழுதி குடுத்த சொட்டு மருந்த போட வேணாம், அதுல ஸ்டீராய்டு இருந்தா கண்ணுக்கே ஆபத்து.

கூடலூர்ல இருக்கோம். அப்பப்போ கேரளாவுல நிபான்னு வௌவால்ல இருந்து வர்ற வைரஸ் காய்ச்சல் நியூஸ் வருது, உடனே செக்போஸ்ட்ல டெம்பரேச்சர் பாக்குறாங்க. எங்க தோட்டத்துல கொய்யா மரம் நிறைய, வௌவாலும் நிறைய. மரத்த வெட்டிடலாமா? – வாசகர்

வெட்டாதீங்க, வௌவால விரட்டவும் வேணாம், ஒரு இடத்துல கலைச்சா வேற இடத்துக்கு போகும், அவ்வளவுதான் நடக்கும். கடிச்ச பழம், கீழ விழுந்து பல்லு பட்ட பழம், இத தொடாம கையுறை போட்டு புதைச்சிடுங்க, ஆடு மாட்டுக்கும் போடாதீங்க. நல்ல பழத்த கழுவி தோல் சீவி சாப்பிடுங்க. பதநீரோ கள்ளோ எறக்குற பானை மூடாம இருந்தா அத பச்சையா குடிக்க வேணாம்.

நிபா ஃப்ளூ மாதிரி பஸ்ல ஒருத்தர் தும்மி நாப்பது பேருக்கு பரவுற நோய் இல்ல. நோயாளிய கிட்ட இருந்து பாத்துக்கறவங்களுக்குத்தான் பரவுது, எச்சில், சளி, வாந்தி வழியா. 2018-ல கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் 17 பேர் இறந்தாங்க, அதுல பல பேருக்கு ஆஸ்பத்திரிலதான் தொத்துச்சு, பேராம்பிராவுல நோயாளிய பாத்துக்கிட்ட நர்ஸ் லினியும் அதுல ஒருத்தர். அதனால உங்களுக்கு நான் சொல்றது ஒன்னுதான், அந்த ஏரியாவுக்கு போயிட்டு வந்த மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், தலைவலி, குழப்பமான பேச்சுன்னு வந்தா நாலு ஆஸ்பத்திரி ஏறி எறங்காதீங்க, 104-க்கு, அதான் அரசு சுகாதார ஹெல்ப்லைனுக்கு கூப்பிட்டு போயிட்டு வந்தத மறைக்காம சொல்லுங்க. செக்போஸ்ட்ல பொய் சொல்லிட்டு வர்றது பெரிய சாமர்த்தியம் இல்ல, அடுத்து உங்களுக்கு ட்ரிப்ஸ் ஏத்தப் போற பொண்ணு கையுறை போடணுமா வேணாமான்னு முடிவு பண்றது உங்க அந்த ஒரு பதில்தான்.

ஜவுளிக்கடைல வேலை பாக்குறேன் மேடம். காய்ச்சலோட வராதீங்கன்னு கடை வாசல்லயே போர்டு இருக்கு, ஆனா லீவு போட்டா சம்பளம் கட். மூணு நாள் கட்டானா வீட்டு வாடகைல கைய வெக்கணும். மாத்திரை போட்டுட்டு போறேன். தப்பா? – பெயர் வேண்டாம், சென்னை

உங்கள தப்பு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. போர்டு வெச்சுட்டு சம்பளத்த பிடிக்கிறவங்கதான் கடைக்குள்ள கிருமிய கூப்பிட்டு வெச்சிருக்காங்க. சீசன் சேல்ல ஒரு பொண்ணு இருமிக்கிட்டே புடவை விரிச்சு காட்டினா அடுத்த வாரம் பாதி ஸ்டாஃப் படுத்துடும், அந்த நஷ்டம் மூணு நாள் சம்பளத்தவிட எவ்வளவு பெருசுன்னு ஓனருக்கு கணக்கு போட தெரியாதா என்ன.

சரி, கைல இருக்குற வழிய சொல்றேன். தமிழ்நாடு கடைகள் சட்டத்துல உடம்பு சரியில்லாததுக்கு வருஷத்துக்கு 12 நாள் வரைக்கும் சம்பளத்தோட லீவு இருக்கு, நிறைய கடைல அத சொல்றதே இல்ல. அப்புறம் உங்க சம்பளம் மாசம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு பிடிக்கிறாங்கன்னா, சம்பளச் சீட்ட எடுத்து பாருங்க, ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா நோய்க்கால பணம்னு சம்பளத்துல 70 சதவீதம் வரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். ஆனா மொத ரெண்டு நாளுக்கு அது கிடையாது, ஃப்ளூவுக்கு லீவே நாலு நாள்தான், அதனால அந்த மொத ரெண்டு நாள கடை லீவுல கேளுங்க. தனியா போய் கேக்காதீங்க, நாலஞ்சு பேரா சேந்து கேளுங்க.

எதுவுமே நடக்காம போயே ஆகணும்னா, என்95 போட்டுக்கோங்க, கழட்டாதீங்க, சூப்பர்வைசர்கிட்ட கேட்டு குடோன்லயோ ஸ்டாக் எடுக்குற இடத்துலயோ ஒரு மூணு நாள் போட சொல்லுங்க, மதியம் எல்லாரும் டப்பா தொறக்குற ரூம்ல சாப்பிடாதீங்க, மொட்டை மாடிக்கு எடுத்துட்டு போயிடுங்க. ஏழாவது மாசத்துல ஒரு பொண்ணு உங்க கவுன்ட்டர்ல இருக்கான்னு லெட்டர்ல எழுதியிருந்தீங்க, அவகிட்ட மட்டும் உங்களுக்கு காய்ச்சல்னு இன்னிக்கே சொல்லிடுங்க. ஓனருக்கு இந்த பக்கத்த கிழிச்சு குடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல.